பனி எட்டிப் பார்க்காத ஊர்

எங்கள் ஊர் பாளையம்பட்டியில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். கடைசிப் பனியுகம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடா தலையிலும் வட ஐரோப்பா தலையிலும் கிலோமீட்டர்க் கணக்கில் பனி ஏறி உட்கார்ந்தபோதும், நமக்குப் படியளந்தது வெயில்தான்.

ஆனால் அவ்வளவு பனிக்கும் தண்ணீர் எங்கேயிருந்து போனது? கடலிலிருந்துதான். கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கி, பாக் நீரிணை தரையானது. ராமர் கொஞ்சம் முன்னாலே பிறந்திருந்தால் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். வானரங்களுக்குக் கல் சுமக்கும் வேலை மிச்சம். தென்மேற்குப் பருவக்காற்று வேறு மெலிந்துபோயிற்று. பனி அவர்களுக்கு, வறட்சி நமக்கு. நல்ல பாகப்பிரிவினை.

பிறகு பனி உருகிக் கடல் திரும்பி வந்தது. வெள்ளம் என்றால் நம்மிடமும் கதை உண்டு. ஊழி வெள்ளம் வந்தபோது திருச்சுழியில் சிவபெருமான் சூலத்தால் தரையைக் குத்தி, தண்ணீரைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டார் என்கிறது தலபுராணம். பெரிய உபகாரம்தான். ஆனால் கோடையில் அங்கே குண்டாற்றைப் பார்க்கிறவர்களுக்கு, சுவாமி துளையை அடைக்க மறந்துவிட்டாரோ என்றுதான் தோன்றும்.

பனியுகத்துக்குக் காரணம் சூரியனைச் சுற்றும் பூமியின் தள்ளாட்டம் என்று 1864இல் எழுதியவர் ஜேம்ஸ் கிரோல். கிளாஸ்கோவில் ஒரு கல்விக்கூடத்தின் காவலாளி. கணக்கை ஒழுங்காகப் போட்டவர் செர்பியாவின் மிலாங்கோவிச். 1914இல் தேனிலவுக்குப் போன இடத்தில் போர் மூண்டு கைதானவர். பூமி தலை சாய்ந்த பம்பரம்போல ஆடுகிறது. சாய்மானம் கூடிக் குறைய 41,000 ஆண்டு. பாதை நீண்டு சுருங்க ஒரு லட்சம் ஆண்டு. வடக்கே கோடை வெயில் மந்தமானால் பனி உருகாமல் தங்கும், அதன்மேல் அடுத்த வருஷப் பனி. தூரம் மட்டுமே கணக்கில்லை. நாம் மார்கழியில் போர்த்திக்கொண்டு நடுங்குகிறோமே, சூரியன் பூமிக்கு மிக அருகில் வருவது அப்போதுதான்.

சூரியன்மேல் பழி போடுவது துரைமாருக்கும் பிடித்துப்போயிற்று. 1876, தாது வருஷம், மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் துரை தில்லியில் தர்பார் நடத்தினார். தானியம் கப்பலேறியது. அதே வருஷம் அரசாங்கப் புள்ளிவிவரத் தலைவர் ஹண்டர், சென்னையின் மழைக்கணக்கைப் புரட்டி, சூரியனில் புள்ளிகள் குறைந்தால் பஞ்சம் வரும் என்று கண்டுபிடித்தார். எவ்வளவு சௌகரியமான குற்றவாளி! சம்மன் போகாது, குறுக்கு விசாரணை கிடையாது. அந்தக் கணக்கு பின்னாளில் நிற்கவில்லை. இன்றும், பூமி சூடாகிறது என்றால், டீக்கடையில் ஒருவர், “எல்லாம் இயற்கைதான் அண்ணாச்சி, அந்தக் காலத்துல மாறலையா?” என்பார். பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்கு. பனி விலகியபின் 280. இப்போது 420ஐத் தாண்டியாயிற்று. இந்தக் கடைசி ஏற்றத்துக்கு இருநூறு சொச்சம் வருஷம் போதுமாயிருந்தது. பம்பரத்துக்கு அத்தனை அவசரம் கிடையாது.

இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்தவர் ஹென்றி பிளான்போர்டு. 1856இல் ஒடிசாவின் தால்சேரில், அண்ணனோடு சேர்ந்து, பழைய பாறைகளில் பனி சுமந்து வந்த கற்களைக் கண்டவர். இந்தியா தென்துருவத்தை ஒட்டிக் கிடந்த, சுமார் 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பனியுகம் அது. பனியில் தேர்ந்த இந்த மனிதரைத்தான் 1875இல் மழைக்கு அதிகாரியாக்கினார்கள். மறு வருஷமே பஞ்சம். விடவில்லை, இமயத்தில் பனி கூடினால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று 1884இல் எழுதினார். நல்ல கணக்கு. ஆனால் பாளையம்பட்டி நம்பிக் கிடப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. அது அவர் கணக்கில் வராது.