வணக்கம் மக்களே, டேக் 38

சேனல் தொடங்குவதென்று முடிவெடுத்து மூணு வருஷமாகிறது. பெயர் வைத்தாயிற்று. லோகோ நாலு தடவை மாறிவிட்டது. ரிங் லைட் ஸ்டாண்டில் இப்போதைக்கு ஈரத்துண்டு காய்கிறது. வீடியோ ஒன்றுதான் பாக்கி.

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் தேதியது. யூடியூபை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். 19 வினாடியில் கதை முடிந்தது. பெல் பட்டனை அமுக்கச் சொல்லி மிரட்டக்கூட இல்லை. நானாயிருந்தால், யானை கொஞ்சம் இடப்பக்கம் நகரட்டும் என்று இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

போன ஞாயிறு ‘வணக்கம் மக்களே’ என்ற இரண்டு சொல்லை 37 தடவை எடுத்தேன். 12இல் குக்கர் விசில். 20இல் தெருவில் பழைய இரும்பு, பேப்பர். 31இல் முகம், குரல், சிரிப்பு எல்லாம் அமைந்து வந்தது. மைக்கைப் போட மறந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வத்தக்குழம்பு வீடியோ போட்டுவிட்டார். பாதித் திரையை அவர் விரலே மறைக்கிறது. நடுவில் கரண்டி தேடிப் போனவர் ஒரு நிமிஷம் வரவேயில்லை. அடுப்பு மட்டும் தனியாக எரிகிறது. கீழே ஆளாளுக்கு, “அக்கா, கரண்டி கிடைச்சுதா?” என்று பதறியிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு சரியில்லை என்று மனைவியிடம் விளக்கினேன்.

“நாளைக்கு நானும் வத்தக்குழம்புதான்” என்றாள்.