பேஸ்பால் பாடும் ராக் பாடல்களில் வழுவும் வழுவமைதியும்: ஒரு நுண்ணாய்வு

முன்னுரை

அமெரிக்க பேஸ்பால் மைதானத்தின் ஸ்கோர்போர்டில் ஓர் அணிக்கு மூன்று கட்டங்கள் உண்டு: ரன், ஹிட், எரர். எடுத்த ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே செய்த பிழையையும் எண்ணி, விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டுவார்கள். கேட்ச் விட்ட கிரிக்கெட் வீரருக்குக்கூட இந்தத் தண்டனை கிடையாது. இவ்வளவு கறாரான ஆட்டத்தைப் பாட வந்த ராக் கலைஞர்கள் மட்டும் எத்தனை எரர் செய்தாலும் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவற்றை எண்ணும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே, இவ்வாய்வாளன் ஏற்றிருக்கிறான்.

எரருக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் வழு; காரணம் காட்டி அதைப் பொறுத்துக்கொள்வது வழுவமைதி. நன்னூல் வழுவை ஏழாக வகுக்கும்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ராக் இசைக்கு நான்கு போதும்.

கால வழு

1956-ல் சக் பெர்ரி பாடிய ‘பிரவுன் ஐடு ஹேண்ட்சம் மேன்’ பாடலில் ஒரு பேட்டர் வருகிறார். பேஸ்பாலில் பேட்டருக்கு எட்டாமல் விலகிப் போகும் பந்து ‘பால்’. அடித்திருக்க வேண்டியதை விட்டால் ‘ஸ்ட்ரைக்’. நான்கு பால் ஆனால் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம்; மூன்று பேஸ்களையும் தொட்டு, தொடங்கிய ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். பாலை முன்னும் ஸ்ட்ரைக்கைப் பின்னுமாகச் சொல்வது அமெரிக்க வழக்கு. பெர்ரியோ இரண்டு, மூன்று என்று பாடிவிட்டார். அதாவது இரண்டு பால், மூன்று ஸ்ட்ரைக், ஆள் அவுட். அவுட்டானவர் அதன்பிறகு பந்தைத் தூக்கி மாடத்தில் போட்டு ஆட்டத்தையும் வெல்கிறார்.

பெர்ரி, கார்டினல்ஸ் அணியின் ஊரான செயின்ட் லூயிஸ்காரர். அவருக்கா தெரியாது என்பார்க்கு விடை: ஜப்பானில் 2010 வரை ஸ்ட்ரைக்கைத்தான் முதலில் சொல்லி வந்தார்கள். பெர்ரி ஜப்பானிய மரபில் பாடினார் என்று கொண்டால் வழு நீங்கும். ஏன் அப்படிப் பாடினார் என்பது அடுத்த ஆய்வாளரின் தலைவலி.

மரபு வழு

யானை மேய்ப்பவனைப் பாகன் என்பதும் ஆடு மேய்ப்பவனை இடையன் என்பதும் மரபு. மாற்றிச் சொன்னால் வழு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984-ல் ‘குளோரி டேஸ்’ பாடலில் பாகனை இடையன் ஆக்கினார். பள்ளிக்கூட நாளில் பந்தெறிவதில் புலியாக இருந்த நண்பனைப் பல காலம் கழித்து மதுக்கடை வாசலில் சந்திக்கும் பாட்டு அது. நண்பன் எறிந்தது ‘ஃபாஸ்ட்பால்’ என்றிருக்க வேண்டும். பாடலில் இருப்பதோ ‘ஸ்பீட்பால்’. அமெரிக்கத் தெருவில் இச்சொல்லுக்கு கோக்கெய்னும் ஹெராயினும் சேர்ந்த கலவை என்று பொருள். பேஸ்பால் ரசிகர்கள் 40 ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே சேர்ந்து பாடவும் செய்கிறார்கள்.

வினா வழு

சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘மிஸஸ் ராபின்சன்’ (1968), ஜோ டிமாஜியோ எங்கே போனார் என்று ஏக்கத்தோடு கேட்கிறது. 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த நியூயார்க் யாங்கீஸ் வீரர் அவர். பாட்டைக் கேட்ட டிமாஜியோ குழம்பிப்போனார். பின்னாளில் பால் சைமனை நேரில் பார்த்தபோது, தான் எங்கும் போகவில்லை என்றும், காபி போடும் இயந்திர விளம்பரத்தில் வந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றும் முறையிட்டாராம். டிவியைப் போட்டால் கிடைக்கும் விடைக்கு வினா எழுப்பியது வழுவே.

இதைவிட வியப்பு, சைமனின் இளவயது நாயகன் டிமாஜியோ அல்லர், இன்னொரு யாங்கீஸ் வீரரான மிக்கி மேண்டில். தன் பெயரை ஏன் போடவில்லை என்று மேண்டிலே கேட்டபோது, எல்லாம் அசைக்கணக்கு என்றார் சைமன். இதை அலகிட்டுச் சரிபார்த்தோம். ‘மிக்கி மேண்டில்’ இரண்டு தேமா. ‘ஜோடிமாஜியோ’ நேர் நிரை நிரை, கூவிளங்கனி. தேமாவைப் போட்டிருந்தால் தளை தட்டியிருக்கும். யாப்புக்காக நாயகனையே பெஞ்சில் உட்காரவைத்த புலவர் பால் சைமன்.

இட வழு

முதல் பேஸ், இரண்டாம் பேஸ் என்பன அமெரிக்க இளைஞர் வழக்கில் காதலரின் நெருக்கத்தை அளக்கும் படிகள். மீட் லோஃபின் ‘பாரடைஸ் பை தி டாஷ்போர்ட் லைட்’ (1977) இதில் அமைந்த நெடுஞ்சிலேடை. காருக்குள் ஒரு ஜோடி. மேலே பேஸ்பால் வர்ணனை. வர்ணித்தவர் யாங்கீஸின் நிஜ வர்ணனையாளரும் முன்னாள் வீரருமான ஃபில் ரிசூட்டோ. ஓட்டக்காரர் ஹோம் பிளேட்டை நெருங்கும் நேரத்தில் பெண்குரல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறது. பேசியது மைதானத்தைப் பற்றி என்றே நினைத்தேன், கார் இருக்கை என்று தெரியாது என்றார் ரிசூட்டோ. தெரிந்தேதான் பேசினார் என்றார் மீட் லோஃப். இரு கூற்றையும் பதிவு செய்து நகர்கிறோம்.

வழிநூல்

ஜான் ஃபோகர்ட்டியின் ‘சென்டர்ஃபீல்ட்’ (1985) கைதட்டலோடு தொடங்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன், என்னை இறக்குங்கள் என்று கோச்சைக் கெஞ்சுகிறான். அதே பாட்டில், மூன்றாம் பேஸைத் திரும்பி ஹோமை நோக்கி ஒருவர் ஓடுகிறார். யார் என்று பார்த்தால் பெர்ரியின் அதே ஆள். 1956-ல் அவுட்டாகியிருக்க வேண்டியவர், 29 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறார்! 2010-ல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மன்றம் இப்பாடலைச் சிறப்பித்தபோது ஃபோகர்ட்டி அங்கே நேரில் வந்து பாடினார்.

2008-ல் முதல் ஆல்பம் வெளியிட்ட ‘தி பேஸ்பால் புராஜெக்ட்’ குழு பேஸ்பாலை மட்டுமே பாடுவது. ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். பிழை இல்லாத இடத்தில் ஆய்வாளனுக்குப் பிழைப்பில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

முடிவுரை

ஆக, எரர் 4. ஆனால் பேஸ்பாலிலேயே ஒரு விதி உண்டு. எதிரணியின் எரரால் பேஸைப் பிடித்த ஆட்டக்காரரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அவர் ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதித்தால் அதுவும் ரன்தான், ஸ்கோர்போர்டில் ஏறும். எனவே மேற்கண்ட நான்குக்கும் வழுவமைதி வழங்கப்படுகிறது.