லேசுப்பட்ட ஷூ இல்லை

புதிதாக வந்திருக்கும் ஒரு பிராண்டின் ஓட்ட ஷூவைத் தூக்கிப் பார்த்தால், ஷூவை வைக்க மறந்து வெறும் பெட்டியை அனுப்பிவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும். விலையும் அவ்வளவு லேசு. பெரிய கம்பெனி ஷூவை நினைத்துக்கொண்டு போகிறவர், மிச்சக் காசில் ஓடி முடித்ததும் பொங்கல் வடை சாப்பிடலாம். பெசன்ட் நகரில் பலர் ஓடுவதே அதற்குத்தான்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது பொய்யில்லை. 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா, 138 கிராம் அடிடாஸ் ஷூவில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி, பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். அந்த ஷூ அப்போது 500 டாலர். கால் பழகக் கொஞ்சம், பிறகு ஒரே ஒரு மாரத்தான். அவ்வளவுதான் அதன் ஆயுள் என்று கம்பெனியே சொல்லி விற்றது. கல்யாண மாலை தோற்றது போங்கள்!

எங்கள் தெரு சாரும் லேசான புது ஷூ வாங்கியிருக்கிறார். நுரை நல்லாத் துள்ளுதாம். ஷூவில் மிச்சம்பிடித்த கிராமெல்லாம் இடுப்புப் பையில் போன், பைக் சாவி, தண்ணீர் பாட்டிலாகக் கூடவே ஓடுகிறது. தொப்பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஷூ கம்பெனியின் பொறுப்பல்ல.

1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார், எடையும் பூஜ்யம், விலையும் பூஜ்யம் என்றேன் அவரிடம்.

"அதுல கிரிப் எப்படி சார்?" என்றார்.