சொந்த சைட் அண்ணாச்சி

திருநெல்வேலியில் ஒரு ஆள் “சைட் பாக்கணும்” என்று சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. எது என்பதை வயதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 20க்குள் என்றால் பஸ் ஸ்டாப். 50ஐத் தாண்டிவிட்டால் பெருமாள்புரம் பக்கம் காலி மனை. மூன்றாவது அர்த்தம் எனக்குச் சோறு போடுவது. கடைக்காரர்களுக்கு இணையத்தில் கடை கட்டிக் கொடுப்பது என் தொழில். அண்ணாச்சிக்கு வயது 58. ஆகவே “ஒரு சைட் வேணும் தம்பி, சொந்தமா” என்று அவர் போனில் சொன்னதும் எனக்குத் தெரிந்த புரோக்கரின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி அந்தப் புரோக்கரையும் கூட்டிக்கொண்டு என் ஆபீஸ் படியேறினார். புரோக்கருக்கும் விஷயம் புரியவில்லை. ஆனால் கமிஷன் உண்டு என்பது மட்டும் புரிந்திருந்தது.

டவுன் ரத வீதியில் அல்வா, மிக்சர், சீர் பலகாரக் கடை. (அல்வாவை வைத்து ஊர் உலகமெல்லாம் போடுகிற அந்தச் சிலேடையை நான் போடப்போவதில்லை. அதை அண்ணாச்சி முன்னால் போட்டவர்களுக்கு அந்தக் கடையில் கடன் கிடையாது.) இந்த வகை மனிதர்கள் எனக்கு நன்றாகப் பழக்கம். பாத்திரக்கடையில் இருப்பார், ஜவுளிக்கடையில் இருப்பார், கருப்பட்டி மொத்த வியாபாரத்தில் இருப்பார். விசிட்டிங் கார்டில் இணைய முகவரியை முதலிலேயே அச்சடித்திருப்பார். முகவரியில் ஒன்றும் இருக்காது. அந்தப் பெயரை மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியது அக்கா மகன். பாஸ்வேர்டோடு அவன் பெங்களூரு போய்விட்டான். சம்பந்தி கோயம்புத்தூரில் சொந்தமாக சைட் வைத்திருப்பார். இந்தக் கடைசி அடையாளம் இல்லாமல் இந்த நோய் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

“ரெடிமேடு கடை இருக்கு அண்ணாச்சி. மாசம் 2,000 ரூபாய் சுமாருக்கு வாடகை. ஒரு வாரத்துல திறந்துரலாம்” என்றேன்.

வாடகை என்ற சொல் என் வாயில் வந்திருக்கக் கூடாது. அவருடைய அப்பா 31 வருஷம் வாடகைக் கடையில் இருந்து, ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் காலி பண்ண வைக்கப்பட்டவர். வியாபாரம் பொங்குகிற வாரம் அது. கதையில் அடுப்பை மாட்டுவண்டியில் ஏற்றும் இடம் வரும்போது அண்ணாச்சிக்கு இன்றைக்கும் குரல் கம்மும். பக்கத்துத் தெரு வீட்டுக்காரனையே நம்பாதவர், கனடாவில் இருக்கிற வீட்டுக்காரனையா நம்பப்போகிறார்?

கனடா என்றதும், நான் சொன்ன ரெடிமேடு கடையை வாடகைக்கு விடுகிற ஷாப்பிஃபையின் கதையைச் சொல்லித் தொலைத்தேன். 2004இல் ஒட்டாவா நகரத்தில் டோபி லுட்கே என்ற ஜெர்மன்காரர் நண்பரோடு சேர்ந்து, பனிச்சறுக்குப் பலகை விற்க ஸ்னோடெவில் என்று ஒரு இணையக் கடை போட்டார். அன்றைக்குக் கிடைத்த ரெடிமேடு கடை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நிரல் எழுதத் தெரிந்த மனுஷன், தானே எழுதிக்கொண்டார். பலகையை விடக் கடைக்கு மவுசு வந்துவிட்டது. எங்களுக்கும் இதே மாதிரி கடை கொடு என்று மற்ற வியாபாரிகள் கேட்க ஆரம்பித்தார்கள். 2006இல் அந்தக் கடையையே வாடகைக்கு விட்டார். ஷாப்பிஃபை பிறந்தது அப்படித்தான். நமக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பதற்குத்தான் அவர் பட்டுவிட்டார் அண்ணாச்சி, என்று முடிக்க வாயெடுத்தேன்.

“பாத்தீயளா! அவனும் சொந்தமாத்தான கட்டிருக்கான்!”

“அவர் பலகை விக்கறதை விட்டுட்டாரே.”

“அப்ப என்னைய அல்வாவை விட்டுட்டுக் கடையை வாடகைக்கு விடச் சொல்லுதீயளா?”

கணக்கு போட்டுக் காட்டுவதுதான் வழி என்று பேப்பரை எடுத்தேன். மாசத்துக்கு எத்தனை பார்சல் வெளியூர் போகிறது? தீபாவளிக்கு எண்ண முடியாது என்றார். மற்ற மாசம்? அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். எனக்கே சங்கடமாக இருந்ததால், சரி, கடையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கடையில் அதே கேள்விக்குப் பின்கட்டிலிருந்து மதினியின் குரல் வந்தது: “பதினேழு.”

17 பார்சல். சொந்தமாகக் கட்டினால் நான் கேட்கக்கூடிய தொகை 6 லட்சம். அந்தப் பணத்துக்கு ரெடிமேடு கடையில் 25 வருஷம் வாடகை கட்டலாம். இதைச் சொன்னதும் அவர் கண் மின்னியது. “25 வருஷம் கழிச்சு கடை யாருது? அவனுது. நான் கட்டினா?” பதில் என்னிடம் உண்டு, சொல்லத்தான் வாய் வரவில்லை. கட்டின வீடு 25 வருஷம் நிற்கும். கட்டின சைட் ஐந்தாவது வருஷமே சுவர் பெயர்ந்து நிற்கும். ஆசைக்கு இணங்கி ஒரு பாத்திரக்கடைக்குக் கட்டிக் கொடுத்தவன் நான். 2022 அக்டோபரில் கடைக்காரர்கள் யாரும் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி அமலுக்கு வந்தபோது, வாடகைக் கடைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதெல்லாம் வீட்டுக்காரன் பார்த்துக்கொள்கிற மராமத்து. பாத்திரக்கடைக்காரர் மட்டும் என்னைத் தூங்க விடவில்லை. இன்னொரு மூடநம்பிக்கையும் இருக்கிறது: சொந்த சைட் என்றால் பணப் பட்டுவாடா செய்கிறவனுக்குப் போகும் 2 சதவீதம் மிச்சம் என்பது. அதுவும் போகும். அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும். யார் கட்டின கடையானாலும் கார்டைத் தேய்த்தால் தேய்மானம் உண்டு.

ஆனால் அண்ணாச்சி கணக்குப் பேச வரவில்லை. அவர் கொண்டுவந்தது கோட்டுப் பேப்பரில் எழுதிய 14 தேவைகள்.

முதல் பக்கத்தில் அப்பா படம், மாலையோடு. சைட்டைத் திறந்ததும் கோயில் மணி ஓசை. நெல்லையப்பர் கோபுரம். “வருக வருக” ஓட வேண்டும், நிற்கக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் கேட்பதுதான். நான் அசந்துபோனது ஆறாவது அம்சத்தில். ஊரிலுள்ள சைட்டுகளில் எல்லாம் கூடைப் படம் மேலே வலது மூலையில் இருக்கிறதாம். அது ஈசானிய மூலை. ஈசானியத்தில் கனம் ஏற்றலாமா? கல்லாப்பெட்டி கன்னிமூலையில்தானே இருக்க வேண்டும்? எனவே கூடை கீழே இடது பக்கம் வர வேண்டும். “இதை உங்க ரெடிமேடு செய்வானா?” என்றார். நான் சத்தியமாகத் திணறிவிட்டேன். ஒரு கடைக்காரருக்கு ஏன் தனியாகக் கட்டின கடை வேண்டும் என்பதற்கு நான் கேட்ட காரணங்களிலேயே தர்க்கம் வழுவாத காரணம் அது ஒன்றுதான்.

சர்வர் என்றால் என்ன என்று விளக்க அரை மணி நேரம். அவர் கடை மாடியில் முன்பு காபி கிளப் நடத்தியவர். சர்வர் என்றால் தோளில் துண்டு போட்டவர். “சில சமயம் சர்வர் டவுன் ஆயிரும் அண்ணாச்சி” என்றேன். “நாமளும் டவுன்லதான இருக்கோம், வரட்டுமே” என்றார். அது மும்பையில் இருக்கிறது என்றதும் முகம் மாறியது. “அப்ப ஆயுத பூஜைக்கு அதுக்கு யாரு பொட்டு வைப்பா?”

கூரியர்க்காரன் முறுக்குப் பெட்டிக்குப் போடும் எடைக் கணக்கையும் அன்றைக்கே சொன்னேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பான். 30க்கு 30க்கு 20 பெட்டி என்றால் 3.6 கிலோ. உள்ளே முறுக்கு ஒன்றரைக் கிலோதான் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். “காத்துக்குத் துட்டா?” என்று கேட்டவர், அன்று சாயங்காலம் வரை வேறு எதுவும் பேசவில்லை.

அந்தச் சாயங்காலம் அவர் மௌனமாக இருந்ததால்தான் பின்கட்டுப் பேச்சு என் காதில் விழுந்தது. மதினி போனில் இருந்தார்.

“மாப்பிள்ளை வீட்டுல ஒம்பது சுத்து கேக்காவளா? ஏழுன்னுதான எழுதியிருக்கு... ஒம்பது சுத்துன்னா எங்க பெரியம்மை ஒருத்திதான் சுத்தணும். நாளைக்கு அம்பதுக்கு மேல முடியாது. அமாவாசைக்கு வரமாட்டாவ. நீங்க 101 கேக்கீய...”

எட்டிப் பார்த்தேன். முழுநீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு முகூர்த்தம். கைமுறுக்கு 101, லட்டு 101, அதிரசம் 51, முந்திரிக்கொத்து, பருப்புத் தேங்காய் ஒரு ஜோடி. இரவல் தாம்பாளம் 11, திரும்பியது 9, இரண்டுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வீட்டின் அடையாளம். மார்கழி மொத்தமும் வெள்ளைத்தாள். தை பிறந்ததும் ஒரே நாளில் நாலு கல்யாணம், ஓரத்தில் பென்சிலில் ஐந்தாவது, அதன் மேல் அடித்து, அடித்ததற்கு மேல் மறுபடி எழுதி.

ரெடிமேடு கடைக்குக் கையிருப்பு என்றால் அலமாரியில் உள்ள டப்பாக்களின் எண்ணிக்கை. மதினியின் கையிருப்பு நிஜமாகவே கைதான்: நாலு பெண்களின் கை. ஒரு நாளைக்கு இத்தனை ஆர்டர் என்று பூட்டுப் போடுகிற துணைச் செயலிகள் காசுக்குக் கிடைக்கும். ஏழு சுற்றை நாலு பேர் சுற்றலாம், ஒன்பதைப் பெரியம்மை மட்டும்தான், பெரியம்மைக்கு அமாவாசை விடுமுறை, தாம்பாளம் திரும்பாத வீட்டுக்கு அடுத்த வளைகாப்புக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. இதற்குத்தான் தனியாகக் கட்ட வேண்டும். 17 பார்சலுக்கு வாடகைக் கடை ஏராளம். இந்த நோட்டுக்கு 6 லட்சமும் தகும். 14 தேவைகளில் இந்த நோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“இதா? இது உங்க மதினி நோட்டுல்லா” என்றார். “இதுல அப்பா படத்தை எங்க வைக்க?”

மதினி சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “ஏன் தம்பி, தை முகூர்த்தத்துக்கு அஞ்சாவது கல்யாணம் எடுக்க முடியாதுன்னு அதுவாவே சொல்லிருமா? நான் சொன்னா ஆளுவ மனத்தாங்கலாப் போயிருதாவ.”

“சொல்லிரும் மதினி.”

“பதமாச் சொல்லுமா?”

நான் பதில் யோசிப்பதற்குள் அண்ணாச்சி சாமி படத்துக்கு முன்னால் இருந்த பித்தளை மணியை எடுத்து வந்து, என் போனுக்கு நேரே பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தார்.

“ரெக்கார்டு ஆவுதா, பாருங்க.”