தெர்மோகோல் ஜெட்டும் தரையும்: ஓர் ஆய்வுரை

ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டால் இயக்கும் ஜெட் விமானத்தை மனிதர்கள் எதற்காக வீட்டில் செய்கிறார்கள்? பறக்கவிடத்தான் என்று கற்றோரும் மற்றோரும் இதுவரை நம்பி வந்தனர். அந்த நம்பிக்கை பிழை என்று நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம். ஃபோம் ஜெட் ஒட்டப்படுவதற்காகவே செய்யப்படுகிறது. பறத்தல் என்பது ஓர் ஒட்டுக்கும் அடுத்த ஒட்டுக்கும் நடுவே வரும் சிற்றிடைவேளை.

இந்த ஜெட்டில் ஜெட் கிடையாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1939 ஆகஸ்ட் 27 அன்று ஜெர்மனியில் எழும்பிய ஹைன்கல் 178 முதல் நம் சூலூர்த் தளத்துத் தேஜஸ் வரை எல்லாமே எரிபொருளை எரித்து, சூடான காற்றைப் பின்னால் தள்ளிப் பறப்பவை. நம்முடையதற்கோ உடம்பின் நடுவில் ஒரு நீள்சதுரத் துவாரம், அதற்குள் ஆறங்குல புரொப்பெல்லர். சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது இல்லை என்றே கொள்ளப்படும். குழாய்க்குள் விசிறி வைக்கும் ஈடிஎஃப் மரபினர் தாங்களே அசல் ஜெட்காரர்கள் என்பர். அவர்களுடையதும் விசிறியே. பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும் என்பது மட்டும் கூடுதல் சிறப்பு.

இனி முன்னோர் வரலாறு. 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் வானொலி அலையால் ஒரு பொருளை இயக்கிக் காட்டினார். அவர் தேர்ந்தெடுத்தது படகு. சிக்னல் போனாலும் மிதந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்த அந்த முன்யோசனையை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பாராட்டவில்லை. 1937-இல் வால்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்க இரட்டையர் விமானத்தையே அவ்வாறு பறக்கவிட்டனர். 'கஃப்' என்ற அந்த மாதிரி விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இனி ஒட்டவே வேண்டாம் என்ற நிலையை ஒரு மாதிரி விமானம் அடைந்தால் அதை வீடுபேறு என்று சொல்லலாம்.

மூலப்பொருளுக்கு வருவோம். தெர்மோகோல் இயல்பிலேயே கிளம்பிப் போக விரும்பும் பொருள் என்பதற்குத் தமிழ்நாட்டில் தனிச் சான்று காட்ட வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மோகோல் அட்டைகளை நீரின்மேல் பரப்பினர். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நீர்ப்பாசன நோக்கில் அது தோல்வியாக இருக்கலாம். மோட்டார், ரிமோட் எதுவும் இல்லாமல் புறப்பட்டுப் பத்திரமாகக் கரைசேர்ந்தன என்ற வகையில், அவ்வட்டைகளின் சாதனையை எந்த ஃபோம் ஜெட்டும் எட்டியதில்லை.

ஆனால் தெர்மோகோல் மணி மணியாக உதிரும். உதிர்ந்த மணி நிலைமின்சாரத்தால் லுங்கியில் ஏறி, சமையலறை வரை போய், அங்கிருந்து வசவாகத் திரும்பும். எனவே விவரம் தெரிந்தவர்கள் மணியில்லாத டெப்ரான் போன்ற வழுவழுப்பான அட்டையை 6 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குவர். வரைபடத்தை ஒட்டிப் புது பிளேடால் வெட்ட வேண்டும். பழைய பிளேடு வெட்டாது, பிய்க்கும். பின்சிறகின் விளிம்பை 45 டிகிரி சாய்வாகச் சீவி, டேப் ஒட்டினால் அதுவே கீல். இறக்கை ஒடியாமல் இருக்கக் குறுக்கே ஒரு கார்பன் குச்சி. சிலர் இறக்கையின் மேல் இன்னொரு அட்டையைப் பாதியளவுக்கு ஒட்டிப் படிக்கட்டு போல விட்டுவிடுவார்கள். சோம்பல் போலத் தோன்றும் இந்த முறைக்கு க்ளைன், ஃபோகல்மன் என்ற இருவர் 1972-இல் அமெரிக்கக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள். அதற்கு வித்தும் ஒரு காகித விமானம்தான்.

அஃதேல், உடைந்ததைப் பெட்டிக்கடையில் விற்கும் குவிக் பசையால் ஒட்டலாமே எனின், அற்றன்று. என்னை? அப்பசை அட்டையின் பாலிஸ்டைரீனைத் தின்னும். துளி விழுந்த இடம் குழிந்து, ஓரம் பளபளத்துச் சுருங்கி, சற்று நேரத்தில் மறுபக்கம் தெரியும். ஸ்ப்ரே பெயின்ட்டும் இதே வேலையைச் செய்யும், கூடுதலாக நிறமும் கொடுக்கும். ஆகவே ஹாட் குளூ. அதையும் பசைத் துப்பாக்கியிலிருந்து வந்த சூட்டோடு வைத்தால் அட்டை உருகும்; ஆறவிட்டால் பிடிக்காது. நடுவே ஒரு பதம் உண்டு. நூலாக இழுபடுவது நின்று, பசை லேசாக மங்கும் கணம் அது. பாகு பதம் பார்க்கத் தெரிந்த அம்மாக்களிடம் இவ்வேலையைக் கொடுத்தால் நாட்டின் விமானத் துறை முன்னேறும் என்பது என் துணிபு. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மோட்டாரின்மேல் 2200 கேவி என்று எழுதியிருக்கும். கிலோவோல்ட் என்று மிரள வேண்டாம். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2200 சுற்று என்று பொருள். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 11.1 வோல்ட்டுக்குக் கணக்குப்படி நிமிடத்துக்கு 24,420 சுற்று. புரொப்பெல்லர் மாட்டினால் குறையும். பேட்டரி 2200 மில்லிஆம்பியர்-மணி. சராசரியாக 20 ஆம்பியர் இழுத்தால் ஆறரை நிமிடம் வரும். லிப்போவை அடிவரை காலி செய்தால் அது கெட்டுவிடும் என்பதால், ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். பல மாலைகள் ஒட்டியதற்கு ஐந்து நிமிடப் பறத்தல். எது தொழில், எது இடைவேளை என்பதைக் கற்றோர் முடிவு செய்க.

ஈர்ப்பு மையம் இத்துறையின் தத்துவப் பகுதி. வரைபடத்தில் குறித்த இடத்தில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்கு கனத்தது முனகிக்கொண்டாவது பறக்கும். வால் கனத்தது வானத்தைப் பார்த்து நிமிரும், ஒரு கணம் நிற்கும், பிறகு குத்தும். சுமார் 180 கிராம் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இதைச் சரிக்கட்டுவார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழும்போதெல்லாம் முதலில் நொறுங்குவது மூக்கு. ஒட்ட ஒட்ட மூக்கில் பசை ஏறும். பசை ஏற ஏறப் பேட்டரி பின்னால் போகும். ஆகவே பேட்டரி இருக்கும் இடத்தைக் கொண்டே ஒரு ஜெட்டின் வயதைச் சொல்லிவிடலாம்.

களம் பெரும்பாலும் கோடையில் வற்றிய ஏரி. வீச ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் தம்பி முறை.

"அண்ணே, விடட்டுமா?"

"இரு, இரு. மேல பாத்து வீசாத, நேரா வீசு. கைக்குப் பின்னாடி ஃபேன் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"விட்டுட்டேன்ணே."

கிளம்பியதும் மோட்டாரின் எதிர்விசையால் விமானம் ஒரு பக்கம் சாயும். அதைச் சமாளித்து உயரம் எடுத்துவிட்டால் அழகுதான், மறுப்பதற்கில்லை. சிக்கல் அது திரும்பி நம்மை நோக்கி வரும்போது. அப்போது விமானத்தின் இடம் நமக்கு வலம். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுக என்பது நூற்பா. அதை மனப்பாடம் செய்தவர் பலர். தேவைப்படும் அந்த முக்கால் விநாடியில் அது நினைவுக்கு வந்தவர் சிலர். ஏனையோர் சீமைக் கருவேலத்தின் உட்பகுதியை நன்கறிவர்.

இதற்கிடையே நான்கு பேர் கூடியிருப்பர். அவர்கள் கேட்பவை மூன்று: எவ்வளவு ஆச்சு, எவ்வளவு தூரம் போகும், கேமரா இருக்கா. விமானம் மேலே இருக்கும்போதுதான் கேட்பார்கள், பதிலும் உடனே வேண்டும். விழுந்த பிறகு வரும் நான்காவது கேள்வி, "பேட்டரி தீந்துடுச்சா சார்?" ஆம் என்று சொல்வதே மரபு.

சட்டமும் தடையில்லை. 2021 டிரோன் விதிகளின்படி, இரண்டு கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிடப் பைலட் உரிமம் வேண்டாம். விமான நிலையம் போன்ற இடங்களைச் சூழ்ந்த சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் மட்டும் அனுமதியின்றிக் கூடாது. நம் ஜெட்டுகள் எல்லை மீறுவது அரிது. அவற்றின் நாட்டமெல்லாம் கீழ்நோக்கியே.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மொட்டை மாடியிலோ தென்னை மட்டையிலோ மூக்கு நசுங்கிய வெள்ளை விமானம் ஒன்று கிடக்கக் கண்டால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விசிறிப் பக்கம் கைவைக்காமல், பேட்டரியின் மஞ்சள் பிளக்கை முதலில் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். உடைந்த துண்டுகளையும் பொறுக்கி வையுங்கள். இருட்டுவதற்குள் ஒருவர் தேடி வருவார்; அவருக்குத் துண்டுகள்தான் முக்கியம்.