சதுர அடி குளிக்குமா, ஐயா?

அனுப்புநர்: இரண்டாம் மாடி, கிழக்குப் பக்க வீட்டுக்காரர், வாலாஜாபேட்டை.
பெறுநர்: தலைவர், செயலாளர், பொருளாளர் (மூவரும் தாங்களே), எங்கள் அடுக்ககச் சங்கம்.
பொருள்: தண்ணீர்க் கட்டணம் 840 ரூபாய், விளக்கம் கோருதல் தொடர்பாக.
பார்வை: லிஃப்ட் கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டிய தங்கள் அறிவிப்பு.

ஐயா,

சதுர அடிக்கு 80 காசு வீதம், 1,050 சதுர அடிக்கு 840 ரூபாய் என்று தாங்கள் போட்ட கணக்கை மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. என் சந்தேகம் பெருக்கலில் இல்லை. எங்கள் ஹால் கொஞ்சம் பெரிது, வாஸ்தவம். ஆனால் அது காலையில் எழுந்து குளிப்பதை நானோ என் மனைவியோ இதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எதிர்வீடு 700 சதுர அடி, ஏழு பேர், 560 ரூபாய். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பிள்ளைகள் உள்ள வீடு, யூனிஃபார்ம் துவைத்தாக வேண்டும்.

போன வருஷம் 'தலைக்கு இவ்வளவு' என்றீர்கள். அது நியாயமான முறைதான். தலையை எண்ண வந்த தாங்கள் கதவைத் தட்டச் சங்கடப்பட்டு, வாசலில் கிடந்த செருப்பை எண்ணிவிட்டுப் போனதுதான் வினையானது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிற ஊர்கள், ஐயா. என் மனைவியும் போனவள்தான். அவளுக்கு மட்டும் ஐந்து ஜோடி. அந்த மாதம் எங்கள் வீட்டில் ஆறு தலை.

தாங்கள் தனியாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மீட்டர் இல்லாத வீடுகள் பலவற்றுக்கு இன்னமும் பழைய வாடகை மதிப்பை வைத்துத்தான் தண்ணீர் பில் போடுகிறார்கள். அந்த மதிப்பை 1990-க்குப் பிறகு யாரும் தொடவில்லை. மீட்டர் பொருத்த முடியாத ஃபிளாட் என்றால் படுக்கையறையை எண்ணுகிற கம்பெனியும் அங்கே உண்டு. சென்னையில் மீட்டர் இல்லாத ஃபிளாட்டுக்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஆக, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணுவது உலக வழக்கம்.

இருந்தாலும் நாம் இருப்பது பாலாற்றங்கரை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், அழுக்காக்கியவனே பணம் கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த ஆற்றை வைத்துத்தான். சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள். செலவழித்தவனே கட்டட்டும் என்பது மட்டும் இன்னும் நம் மொட்டைமாடி வரை ஏறி வரவில்லை. டேனரியிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற கழிவுநீருக்குக்கூட மீட்டர் இருக்கிறது, ஐயா. மீட்டர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்த பையன் கொடுத்துவிட்டுப் போன, உப்பு அளக்கும் பேனா. போர் தண்ணீரில் முக்கினால் நாலு இலக்கம் காட்டும். 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீர் என்றுதான் தெரியாது.

தனி மீட்டர் கேட்டால் "பைப்பு ஒத்துவராது சார்" என்கிறீர்கள். இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மேல் தொட்டியிலிருந்து அடுப்படிக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று என்று தனித்தனி பைப் மாடி மாடியாக இறங்குகிறது. வீட்டுக்கு மூன்று மீட்டர் என்றால் 12 வீட்டுக்கு 36. கட்டும்போதே வீட்டுக்கு ஒரே வழியாகத் தண்ணீர் விட்டிருந்தால் ஒன்று போதும். கட்டியவர் இப்போது வேறு ஊரில் இதே மாதிரி பைப் பதித்துக்கொண்டிருக்கிறார்.

மோட்டார் கரண்ட்டும் அந்த 80 காசில் அடக்கம் என்கிறீர்கள். பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை 2023-ல் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். நமக்குக் கிடைக்காது. 12 வீடு, லிஃப்ட் வேறு. அந்த லிஃப்ட் அறிவிப்பு ஒட்டப் பயன்படுகிறது.

ஆகவே நானே அளந்துவிட்டேன். 15 லிட்டர் பக்கெட், ஒரு மாதம், காலண்டரில் கோடு. ஒரு நாளைக்குச் சராசரி 14 பக்கெட், 210 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதன்படி எங்கள் இருவருக்கும் 270 வரை உரிமை உண்டு. மீதமுள்ள 60 லிட்டரை நான் கேட்கவில்லை.

கேட்பது வேறு. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறார்கள். ஆறே காலுக்குத் தொட்டி நிறைந்து என் சன்ஷேடில் கொட்டத் தொடங்குகிறது. யாராவது கத்துகிற வரை நிற்பதில்லை. அந்தத் தண்ணீரை யாருடைய சதுர அடியில் சேர்த்தீர்கள்?

இத்துடன் 500 ரூபாய் வைத்திருக்கிறேன். பாக்கி 340-க்கு ஈடாக, இன்று காலை வழிந்ததில் ஒன்பது பக்கெட் பிடித்து லிஃப்ட் வாசலில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு, பக்கெட்டைத் திருப்பித் தரவும். அதில் ஆறு எதிர்வீட்டுக்காரர்களுடையது.

இப்படிக்கு,
1,050 சதுர அடி