கலர் லென்ஸ் தேர்வியல்: ஒரு சிற்றாராய்ச்சி

கலர் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்பவர் அதன் நிறத்தைக் காண்பதில்லை. இவ்வாய்வின் கருதுகோள் இதுவே; ஏனையவை விரிவுரை. லென்ஸின் நடுவே, கண்மணிக்கு நேராக, சாயம் படாத வட்டம் ஒன்று உண்டு. வெளிச்சம் அதன் வழியேதான் உள்ளே போகும். ஆகவே நீல லென்ஸ் போட்டவருக்கு உலகம் நீலமாவதில்லை. சாம்பார் பழைய நிறத்திலேயே இருக்கும். தமக்கு மட்டும் தெரியாமல் ஊராருக்கெல்லாம் தெரியும்படி ஒரு நிறத்தைக் காசு கொடுத்து வாங்குவது அலங்காரத்தில் சேருமா, தானத்தில் சேருமா என்பதைப் பிறர் ஆராய்க.

கண்ணாடியில் பார்த்துக்கொள்வாரே எனின், ஒக்கும். ஆயினும் எந்தக் கண்ணாடி? கண்ணாடிக்கடையில் தருவது உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடி. தலைக்கு மேலே ட்யூப்லைட். ட்யூப்லைட் ஒளியின் சேர்மானம் வேறு, வெயிலின் சேர்மானம் வேறு. அங்கே ஒன்றாகத் தெரிந்த இரு நிறங்கள் வெளியே வந்ததும் பிரிந்து நிற்கும். புடவையைக் கடை வாசல்வரை தூக்கிவந்து வெயிலில் விரித்துப் பார்க்கும் நம் பெண்கள் இந்த இயற்பியலை எந்த ஆய்வகமும் இல்லாமலே கண்டுகொண்டவர்கள். அவர்களே லென்ஸை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திராமல் முடிவுசெய்வதற்குக் காரணம் புலப்படவில்லை. "உங்க ஸ்கின்டோனுக்கு கிரேதான் மேடம் எடுப்பா இருக்கும்" என்று கடைக்காரத் தம்பி சொல்வது காரணமாகலாம். அவர் எல்லா மேடத்துக்கும் அதையே சொல்கிறார்.

இனி அட்டை. வரிசையாகக் கண்கள் அச்சிட்ட வழவழப்பான அட்டை ஒன்றைக் காட்டி, இதில் எது வேண்டும் என்பார்கள். அட்டையிலுள்ள கண்கள் பெரும்பாலும் வெளிர்நிறக் கண்கள் என்பதே இதில் மறைபொருள். நீலக் கண்ணில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. கருவிழியில் மெலனின் குறைவாக இருப்பதால் குறுகிய அலைநீள ஒளி அங்கே சிதறித் திரும்புகிறது, அவ்வளவுதான். அத்தகைய கண்ணுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய சாயமே போதும். மெலனின் நிறைந்த நம் கண்ணில் அந்தச் சாயம் இருக்குமிடம் தெரியாது. எனவே நமக்கு ஒளிபுகாச் சாயத்தைப் புள்ளி புள்ளியாக அச்சிடுகிறார்கள். விரல்நுனியில் லென்ஸை ஏந்தி உற்றுப் பாருங்கள்: வெளி ஓரத்தில் கருவளையம், அதிலிருந்து உள்நோக்கி மெல்லிய கீற்றுகள், கீற்றுகளுக்கு நடுவே இன்னொரு நிறத் துளிகள், துளிகளுக்கிடையில் வெற்றிடம். அந்த வெற்றிடம் வழியே நம் பழுப்பு எட்டிப் பார்க்கும். ஆக, அட்டையில் கண்டது ஒன்று, முகத்தில் அமைவது மற்றொன்று என்க.

கூடவே உடுத்திய புடவையையும் கணக்கில் கொள்ளவேண்டும். பாரீஸ் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயத்தில் அழுத்தமில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் நெய்த நிறமே கறுப்பைக் கெடுக்கிறது என்று அவர் கண்டார். 1839இல் அதைப் பெரும் நூலாகவே எழுதினார். அவ்விதி நம் மணமேடைக்கும் செல்லும். அரக்குப் பட்டுக்கு அருகில் பச்சை லென்ஸ் தன் இயல்பைவிடப் பச்சையாகும். மையைக் கனமாகத் தீட்டினால் சாம்பல் லென்ஸ் மேலும் வெளிறும். மணப்பெண்ணின் அத்தை, "ஏண்டி, கண்ணுக்கு என்ன ஆச்சு? பூனை மாதிரி முழிக்கிற" என்று கேட்பது உண்மையில் ஷெவ்ரலின் விதிக்கு அவர் தரும் சான்று.

மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும். சாயமில்லா வட்டத்தையும் தாண்டி விரிந்துவிட்டால் பார்வையின் ஓரத்தில் புகைமூட்டம் படரும். போட்டவர் தம் லென்ஸைத் தாமே காணும் ஒரே தருணம் இது. அப்போதும் நிறம் தெரிவதில்லை என்பதால் கருதுகோளுக்குப் பழுதில்லை.

காண்போருள் தலையாயவர் மாப்பிள்ளை. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. நம்மவரிடையே இது சற்றுக் குறைவு. மாப்பிள்ளை அவ்வகையினராயின், மணமகள் பார்த்துப் பார்த்து வாங்கிய பச்சை அவருக்குப் பழைய பழுப்பாகவே தோன்றக்கூடும். பெண்பார்க்கும் படலத்தில், நிறக்குறைபாட்டைக் கண்டறியும் இஷிஹாரா அட்டைகளை நீட்டலாம் என்பது ஆய்வாளரின் பரிந்துரை. தமக்கே இருந்த இக்குறைபாட்டை 1794இலேயே கட்டுரையாக வாசித்த ஜான் டால்ட்டன், தம் விழிக்குள் இருக்கும் நீர்மமே நீல நிறம் என்று நம்பினார். அதாவது இயற்கையே தமக்கு உள்ளே கலர் லென்ஸ் வைத்துவிட்டது என்று. இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கவும் சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள், தெளிந்த நீர்போல இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணை 1995இல் மரபணுச் சோதனை செய்தபோது, பச்சையை உணரும் நிறமியே அவருக்கு இல்லாதது தெரியவந்தது.

பவர் இல்லாத லென்ஸாயினும் கண் மருத்துவரிடம் அளவு பார்த்தே போடவேண்டும், குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, அக்கா போட்டதைத் தங்கை போடக் கூடாது. இவை நகைச்சுவைக்கு உட்படாதவை. ஆகவே மேலே செல்வோம்.

எஞ்சி நிற்பது கல்யாண ஆல்பம். ஊரார் மறந்தபின் அந்நிறத்துக்குச் சாட்சி அது ஒன்றே. போட்டவருக்கும் அப்போதுதான் தாம் வாங்கியது இன்னதென்று நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். ஆனால் ஆய்வாளர் பார்வையிட்ட ஆல்பம் ஒன்றில் எல்லாப் பக்கத்திலும் மணமகளின் கண் சுத்தக் கறுப்பு. ஸ்டுடியோவில் விசாரித்ததற்கு, "ஃபிளாஷ் பட்டு கண்ணு கலர் மாறிப்போச்சு சார், நான்தான் ஒவ்வொரு போட்டோவா உக்காந்து சரி பண்ணேன்" என்றார் எடிட்டர். அதற்குத் தனியாகப் பில்லும் போட்டிருந்தார்.